ஜூனிப்பர் போன்சாய்: பச்சை இருக்கும்வரை

2019 ஜனவரியில் டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில், தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்துவரும் ஒரு குடும்பத்தின் தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் களவு போயின. மொத்த மதிப்பு 1 கோடியே 30 லட்சம் யென் என்று செய்திகள் வந்தன. அதில் 1 கோடிக்கு மேல் ஒரே மரத்தின் விலை. நானூறு வயதானதாகச் சொல்லப்பட்ட ஷிம்பாகு ஜூனிப்பர் அது. தோட்டத்துத் தம்பதியர் முகநூல் வழியாகத் திருடர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: எடுத்துப் போனவர்கள் மரங்களுக்குத் தண்ணீராவது ஊற்ற வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த ஷிம்பாகு பிழைக்காது என்பது அவர்களுடைய தவிப்பு.

இதே ஷிம்பாகுதான் ஜப்பானிய மலைகளில் கைப்பிடி மண்கூட இல்லாத பாறை இடுக்கில் வேரூன்றி, பனிச்சரிவையும் உருண்டுவரும் கற்களையும் தாங்கி நூற்றாண்டுகள் நிற்கிறது. காட்டில் இவ்வளவு அழுத்தமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரம், தொட்டிக்கு வந்ததும் ஏன் இவ்வளவு எளிதில் போய்விடுகிறது? போன்சாய் பழகத் தொடங்குபவர்கள் முதலில் வாங்கும் மரங்களில் ஜூனிப்பருக்கு முன்னிடம் உண்டு. சில மாதங்களில் காய்ந்த குச்சியாகக் குப்பைக்குப் போகும் மரங்களிலும் அதற்கு முன்னிடம் உண்டு. வளர்ப்புமுறை பற்றி எத்தனையோ அறிவுரைகள் புழங்குகின்றன. ஒன்றுக்கொன்று முரண்படுபவையும் பல. அவற்றைச் சலித்துப் பார்த்தால் பெரும்பாலான தோல்விகளுக்கு அடியில் ஒரே காரணம் கிடக்கிறது. ஜூனிப்பர் தன் பலத்தை எங்கே வைத்திருக்கிறது என்பதை வளர்ப்பவர் அறியாததுதான் அது.

இலையுதிர்க்கும் மரங்கள் குளிர்காலத்துக்கு முன் தங்கள் சேமிப்பை வேருக்கும் தண்டுக்கும் இறக்கிவிடுகின்றன. மேப்பிள் மரத்தை மொட்டையாக வெட்டினாலும் வசந்தத்தில் தண்டிலிருந்து துளிர்க்கும். ஜூனிப்பர் அப்படிப்பட்ட மரம் அல்ல. அதன் சேமிப்பில் பெரும்பங்கு பச்சையிலேயே இருக்கிறது. வேர் வளர்வதும் நீர் மேலேறுவதும் அந்தப் பச்சையின் உழைப்பைப் பொறுத்தவை. ஒரு கிளையின் இலைகளை முழுவதும் கழித்துவிட்டால் அந்தக் கிளை மறுபடி துளிர்ப்பதில்லை, பட்டுப்போகும். பாதி மரத்தின் இலையை ஒரே நாளில் வெட்டி அழகு பார்ப்பவர், மரத்தின் பாதிப் பிழைப்பை வெட்டிவிட்டார் என்று பொருள்.

இன்னொரு தன்மையும் உண்டு. ஜூனிப்பரில் ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அதற்கு நேர் மேலே உள்ள கிளைகளுக்கே நீர் அனுப்புகிறது. பாறை விழுந்து ஒரு பக்க வேர் நசுங்கினால், அந்தப் பக்கத் தண்டும் கிளையும் மட்டும் சாகும். மற்றப் பக்கம் வழக்கம்போல வாழும். பட்டை உரிந்த பகுதி வெயிலிலும் காற்றிலும் வெளுத்து எலும்பு நிறமாகும். பிசின் ஏறி வைரம் பாய்ந்த கட்டை என்பதால் எளிதில் மக்காது. உயிருள்ள பட்டை ஒரு நாடாவைப் போல அந்த வெள்ளைக் கட்டையைச் சுற்றி ஏறி, உச்சியில் ஒரு கொத்துப் பச்சையைத் தாங்கி நிற்கும். உலகம் வியக்கும் ஜூனிப்பர் போன்சாயின் உருவம் இப்படி மலையில் தானாக உண்டானதுதான். கலைஞர்கள் பார்த்துப் படித்தது அங்கே.

அந்தப் படிப்புக்கு ஜப்பானிய மலைகள் கொடுத்த விலை பெரிது. ஷிக்கோக்கு தீவின் இஷிசுச்சி மலையிலும், நீகாத்தா மாகாணத்தின் இத்தோய்கவா வட்டாரத்திலும் ஷிம்பாகு செழித்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அதற்கு மவுசு கூடியது. இத்தோய்கவாவை அடுத்த மியோஜோ மலை சுண்ணாம்புக்கல் செங்குத்து. அதில் கயிறு கட்டி இறங்கி மரம் பறித்தவர்களில் கீழே விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கைக்கு எட்டிய மரங்கள் பெரும்பாலும் தீர்ந்துபோயின. நெருக்கமான, மென்பச்சை இலையால் பெயர்பெற்ற இத்தோய்கவா வகை இன்று உலகெங்கும் கிடைப்பது, அன்று இறக்கப்பட்ட மரங்களின் குச்சிகளை நட்டு நட்டுப் பெருக்கியதால்தான். அப்படிப் பெருக்கியது நல்லதாயிற்று. பறித்தது அளவோடு நின்றிருந்தால் மலையிலும் மரம் மிஞ்சியிருக்கும்.

ஜூனிப்பர் இனத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. போன்சாய்க்கு வருபவை சில. சீன ஜூனிப்பரின் மலைவடிவமான ஷிம்பாகுதான் முதன்மையானது. அதிலேயே கீ தீபகற்பத்தைச் சேர்ந்த கிஷு, மேலே சொன்ன இத்தோய்கவா என்று ஊர்ப்பெயர் தாங்கிய பிரிவுகள் உண்டு. அமெரிக்கக் கடைகளில் தொடக்கக்காரர்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் தரையோடு படரும் புரோகும்பென்ஸ் நானா. மேற்கு அமெரிக்க மலைகளில் ராக்கி மலை ஜூனிப்பர், சியரா ஜூனிப்பர், கலிபோர்னியா ஜூனிப்பர் ஆகியவை இயற்கையாகவே முறுக்கிய தண்டுகளோடு கிடைக்கின்றன. இலை இரண்டு விதம்: இளமையில் ஊசி, முதிர்ந்தபின் செதில். நானா போன்றவை காலம் முழுவதும் ஊசியோடே இருக்கும். ஷிம்பாகுவுக்குச் செதில் இலை; ஆனால் அளவுக்கு மீறி வெட்டினால் பழையபடி குத்தும் ஊசிகளை விடத் தொடங்கும். மரம் தன் வலியைச் சொல்லும் விதம் அது. ஊசிகளைக் கண்டதும் ஆத்திரத்தில் வெட்டுவது நிலைமையை மோசமாக்கும். வளரவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் செதில் திரும்பும். அதன்பின் ஊசிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களையலாம்.

தோல்விகளில் முதலாவது, மரத்தை வீட்டுக்குள் வைப்பது. கடைக்காரர் சிறு தட்டில் நட்டு, மேலே கூழாங்கற்களைப் பசையிட்டு ஒட்டி, மேசை அலங்காரமாக விற்கிறார். வாங்கியவர் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஜூனிப்பருக்கு ஒரு நாளில் பல மணி நேர நேர்வெயில் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், குளிர்காலத்தில் ஓய்வும் வேண்டும். சன்னலோர வெளிச்சம் இதில் எதையும் தராது. கொடுமை என்னவென்றால், செத்த ஜூனிப்பர் பல வாரங்கள் பச்சையாகவே தெரியும். மெழுகுப்பூச்சுள்ள சிறு இலைகள் ஈரத்தை மெல்ல மெல்லத்தான் இழக்கின்றன. நிறம் மங்கி, தொட்டால் மொறுமொறுப்பாக உதிரும்போதுதான் வளர்ப்பவர் பதறித் தண்ணீர் ஊற்றுகிறார். மரம் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். சந்தேகம் வந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே ஈரப் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. கடுங்குளிரில் ஷிம்பாகுவின் இலை செம்பழுப்பாக மாறும். அது நோய் இல்லை. வசந்தத்தில் பச்சை மீளும்.

தண்ணீரைப் பற்றித்தான் முரண்பாடுகள் அதிகம். வறண்ட மலை மரமாயிற்றே, காயப்போடுங்கள் என்பார் ஒருவர். தினம் ஊற்றுங்கள் என்பார் மற்றொருவர். உண்மையில் இருவருடைய மண்ணும் வேறு. சைதாமா தம்பதியர் பதறியதற்குக் காரணம், தொட்டியில் வேருக்கு ஒதுங்க இடமில்லை என்பது. பாறையில் நிற்கும் மரத்தின் வேர் இடுக்கு வழியே ஈரத்தைத் தேடி வெகுதூரம் போகும். போன்சாய்த் தட்டின் ஆழமோ பெரும்பாலும் சில அங்குலந்தான். அதே தட்டில் களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும் மட்டும் நிரப்பினால் நீர் தேங்கி வேர் மூச்சு முட்டி அழுகும். ஜப்பானில் இதற்குக் கண்ட வழி, காந்தோ சமவெளியின் எரிமலைக் களிமண்ணான அகடாமாவைச் சிறு உருண்டைகளாகச் சலித்து, நுரைக்கல்லும் எரிமலைக் கல்லும் கலந்து நிரப்புவது. நீர் நின்று வடியும். உருண்டைகளுக்கு இடையே காற்று இருக்கும். தூசியைச் சலித்து நீக்குவதுதான் அதில் பாதி வேலை. இந்தியாவில் பலர் சலித்த செங்கல் ஜல்லியைச் சேர்க்கிறார்கள். குறிக்கோள் ஒன்றுதான். மண் அப்படி அமைந்தபின், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே விரல் வைத்துப் பார்த்து, காயத் தொடங்கும்போது துளைகள் வழியே வடியும்வரை ஊற்றினால் போதும். வேளை வைத்து ஊற்றுவதைவிட இது நம்பகமானது.

உரத்திலும் ஜப்பானியப் பழக்கம் தமிழ் விவசாயிக்கு அந்நியமாகப் படாது: ரேப்சீட் புண்ணாக்கை உருண்டை பிடித்து மண்மேல் வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் சத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

தொட்டி மாற்றுவது இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, வசந்தத் தொடக்கத்தில். வயதான மரத்தின் வேரை முழுக்கக் கழுவி வெறும் வேராக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பாதி, அடுத்த முறை மறுபாதி என்று பழைய மண்ணை மாற்றுவது பாதுகாப்பானது. இங்கே அனுபவசாலிகள் வலியுறுத்தும் ஒரு கட்டுப்பாடு மிக முக்கியமானது: வேரில் கைவைத்த ஆண்டில் கிளையில் பெரிய வேலை செய்யாதே. தொடக்கக்காரர் நாற்றங்காலில் செடி வாங்கிய அன்றே கவாத்து செய்து, கம்பி சுற்றி, வேரை வெட்டி, தட்டில் நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். படம் அழகாக வரும். மரம் கோடையைத் தாண்டாது.

கவாத்து முறையில்தான் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிய மனமாற்றம் நிகழ்ந்தது. பழைய கையேடுகள் ஜூனிப்பரின் நுனிகளை விரலால் கிள்ளிக்கொண்டே இருக்கச் சொல்லின. மேகம் போன்ற அடுக்கு கிடைக்க அதுதான் வழி என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். ஆனால் வளரும் நுனிதான் மரத்தின் பலம். கிள்ளக் கிள்ள மரம் சோர்ந்து, உள்கிளைகள் காய்ந்து, ஊசி இலை தலைகாட்டியது. ஜப்பானியப் பட்டறைகளில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மேலைநாட்டு இளைஞர்கள் இதைத் திருத்தினார்கள். கண்காட்சிக்கு முன் செய்யும் ஒப்பனையைப் படத்தில் பார்த்தவர்கள் அதையே அன்றாடப் பராமரிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. இப்போதைய முறை: தளிர்களை நீளவிட்டு, மரம் வலுத்தபின், எல்லை தாண்டியவற்றை மட்டும் கூர்மையான கத்தரியால் கணுவில் வெட்டுவது, உள்ளே வெளிச்சம் போக அடர்த்தியைக் குறைப்பது, கிளையின் அடியில் தொங்கும் பலவீனமான இலைகளைக் களைவது. இந்த மாற்றம் ஜூனிப்பர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றுகிறார்கள். தொடக்கக்காரருக்கு அலுமினியம் இணக்கமானது. ஊசியிலை மரங்களில் தேர்ந்தவர்கள் தீயில் சுட்டு இளக்கிய செம்புக் கம்பியை விரும்புகிறார்கள். வளைத்ததும் அது இறுகிக்கொள்ளும். தடித்த கிளையானால் நனைத்த ராஃபியா நாரால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கம்பியிட்டு வளைப்பார்கள். கம்பியை எடுக்கும்போது பிரித்துச் சுழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் கிளை முறியாது.

பட்டுப்போன கட்டையைச் செதுக்குவது ஜூனிப்பர் கலையின் உச்சம். ஆகவே சர்ச்சையும் அங்கேதான். பட்டை நீக்கிய கிளைநுனிக்கு ஜின் என்றும், தண்டில் ஓடும் வெள்ளைப் பகுதிக்கு ஷாரி என்றும் பெயர். 1940இல் பிறந்த மசாஹிகோ கிமுரா பதினைந்து வயதில் ஒமியாவில் மோத்தோசுகே ஹமானோவிடம் சீடராகச் சேர்ந்து பதினொரு ஆண்டுகள் பயின்றவர். 1980களில் அவர் மின்கருவிகளைக் கொண்டு பெரிய ஷிம்பாகுகளின் கட்டையை அகழ்ந்து, பிளந்து, முறுக்கி, யாரும் எதிர்பாராத உருவங்களைக் கொண்டுவந்தார். விண்ணேறும் டிராகனின் நடனம் என்று பொருள்படும் பெயர் தாங்கிய அவருடைய ஷிம்பாகு உலகப் புகழ் பெற்றது. மரபுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவரைப் பார்த்துக் கருவியைத் தூக்கிய பலர் மரங்களை நாசமாக்கினார்கள் என்பதும் உண்மை. கிமுரா வெட்டுவதற்கு முன் உயிர்ப்பட்டை எந்த வழியாக ஓடுகிறது என்பதைக் கணித்தார். பச்சையைக் குறைக்காமல் கட்டையைத்தான் குறைத்தார். பின்பற்றியவர்கள் சுழலும் கருவியை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

செதுக்கிய கட்டையைக் காக்கச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைப் பூசுகிறார்கள். அழுகிய முட்டை நாற்றத்தோடு மஞ்சளாக இருக்கும் அது, வெயிலில் காயக் காய வெளுத்துப் பூஞ்சையைத் தடுக்கும். மண்ணில் சொட்டாதபடி வேரை மூட வேண்டும். கட்டையின் அடிப்பாகம் ஈரமண்ணைத் தொடும் இடத்தில்தான் மக்கல் முதலில் தொடங்கும். அங்கே கூடுதல் கவனம் தேவை. உயிர்ப்பட்டையின் உரியும் மேல்தோலைத் துடைத்தால் செம்பழுப்பு வெளிப்படும். வெள்ளைக்கு அருகே அந்தச் செம்மையும், மேலே பச்சையும் சேர்ந்த காட்சிக்காக மனிதர்கள் ஆயுளைச் செலவிட்டிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் கட்டைதான் ஜூனிப்பர் என்று நினைப்பவர்களுக்கு ஜான் நாகாவின் கோஷின் என்ற போன்சாய்க் காடு ஒரு பதில். 1914இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த நாகா, 1948இல் ஃபோமினா ஜூனிப்பர்களில் வேலை தொடங்கினார். ஊசி இலை கொண்ட, முரட்டுச் சுபாவமுள்ள வகை அது. ஆண்டுகள் செல்ல, அவற்றைச் சிறு காடாக ஒரே தட்டில் சேர்த்தார். பேரக்குழந்தை ஒன்றுக்கு ஒரு மரம் என்ற கணக்கில் பதினொரு மரங்கள் ஆயின. 1984இல் அதை அமெரிக்க தேசிய போன்சாய் அமைப்புக்கு அளித்தார். வாஷிங்டனின் தேசிய மரப் பூங்காவில் இன்றும் அது நிற்கிறது. உச்சிகளில் வெளுத்த நுனிகள் உண்டு என்றாலும், பார்ப்பவரை நிறுத்துவது செங்குத்தான தண்டுகளும் அவற்றின் இடையே தேங்கும் நிழலுந்தான். கலை எதைத் தேர்ந்தாலும், நாகாவுக்குப் பின்னும் காவலர்கள் கைமாறிக் கைமாறிப் பச்சையைக் காத்துவருகிறார்கள் என்பதால்தான் அந்தக் காடு இருக்கிறது.

ஜூனிப்பரைத் தாக்கும் பூச்சிகளில் கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பது சிவப்புச் சிலந்திப் பேன். இலை மங்கிச் சாம்பல் பூத்தாற்போல ஆகும். வறட்சி என்று தோன்றும். கிளைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் தாளில் புள்ளிகள் நகரும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி இலையின் அடிப்பக்கம்வரை கழுவுவது முதல் மருந்து. செதில் பூச்சியும் நுனிக்கருகலும் காற்றோட்டம் இல்லாத நெருக்கத்தில் வரும்.

துரு நோய் வேறு கதை. அந்தப் பூஞ்சைக்கு இரண்டு வீடு தேவை: ஒன்று ஜூனிப்பர், மற்றது ஆப்பிள் அல்லது பேரிக்காய். வசந்த மழையில் ஜூனிப்பர்க் கிளையில் செம்மஞ்சள் கூழ் போலப் புடைத்து வித்துகளைக் காற்றில் விடும். ஜூனிப்பருக்குப் பெரிய கேடில்லை, பழத்தோட்டம்தான் பாதிக்கப்படும். அதனால் ஜப்பானின் பேரிக்காய் வட்டாரங்களில் ஜூனிப்பர் நடுவதைக் கட்டுப்படுத்தும் உள்ளாட்சி விதிகள் உள்ளன. ஜப்பானிய ஜூனிப்பர் போன்சாயை ஐரோப்பிய ஒன்றியம் கடும் நிபந்தனைகளோடுதான் உள்ளே விடுகிறது: பதிவுபெற்ற நாற்றங்காலில் குறைந்தது இரண்டு ஆண்டு வளர்ந்து, மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட மரமாக இருக்க வேண்டும்.

அமெரிக்க மலை ஜூனிப்பர்களின் தண்டு அபாரமானது, இலை பரும்படி. அவற்றின் கிளைகளில் இத்தோய்கவா அல்லது கிஷு இலையை ஒட்டுக்கட்டுவது பரவலாகிவிட்டது. நீண்ட இளங்குச்சியைத் தொட்டியோடு அருகே வைத்து, தண்டில் கீறிய பள்ளத்தில் பதித்துக் கட்டி, பற்றியபின் தாய்ச்செடியிலிருந்து பிரிக்கும் நெருக்கு ஒட்டுமுறை இதற்குத் தோதானது. மண்ணின் மரத்துக்கு அதன் இலையே அழகு என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் அதிகம். ராக்கி மலை மரத்தின் சாம்பல்நீல இலையை மறைத்து எல்லாவற்றையும் ஒரே ஜப்பானியப் பச்சையாக்கினால், மலைக்கு மலை வேறுபடும் முகங்கள் காணாமல் போகும். மலையிலிருந்து பறிக்காமல் குச்சி நட்டு வளர்ப்பது இதற்கெல்லாம் மேலான வழி. இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே கம்பியிட்டு முறுக்கி, நிலத்தில் நட்டுத் தடிக்கவிட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய மரத்தின் தோற்றம் வந்துவிடும். தைவான்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

தைவான் என்றதும் வெப்பநாட்டுக் கேள்வி எழும். கடகரேகை ஓடும் தீவில் ஷிம்பாகு இவ்வளவு நன்றாக வளரும்போது தமிழ்நாட்டில் ஏன் கூடாது? தைவானுக்கு மிதமானதாயினும் ஒரு குளிர்காலம் உண்டு. சென்னை, மதுரைச் சமவெளிகளில் இரவுச் சூடு தணியாததால், மரம் பகலில் சேர்த்ததை இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது, ஓய்வுக்காலமும் கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் தாங்கிப் பிறகு மெலியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் ஊட்டியிலும், கொடைக்கானலிலும் சீன ஜூனிப்பர் வகைகளை முயல்வது நியாயமானது. இமயத்தில், லாகுல், லடாக் பக்கங்களில் இயற்கையாக நிற்கும் ஜூனிப்பர்கள் பௌத்தர்களின் தூபத்துக்கு உரியவை. அவற்றைத் தொடாமல் இருப்பதே முறை.

சமவெளிக்காரருக்கு வேறொரு மரம் இருக்கிறது. கடலோரப் பவளப் பாறைகளில் உப்புக்காற்றில் முறுகி வளரும் பெம்பிஸ் அசிடுலா, தென்கிழக்காசியப் போன்சாய்க்காரர்களிடம் ஜூனிப்பருக்கு இணையான மதிப்புப் பெற்றது. இந்தோனேசியாவில் சந்திகி என்றும் பிலிப்பைன்ஸில் பந்திகே என்றும் அதை அழைப்பார்கள். கட்டை அவ்வளவு உறுதி. வெளுத்த தண்டும் பச்சையும் ஒன்றாக நிற்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் அது இயற்கையாக உண்டு. இத்தோய்கவாவில் நடந்ததே அதற்கும் நடந்தது: போன்சாய்க்காகக் கரை கரையாகத் தோண்டியதில் பிலிப்பைன்ஸ் அதை அழியும் தாவரங்களின் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு செடியும் எடுக்க முடியாது. விதையிலிருந்தோ குச்சியிலிருந்தோ நாற்றங்காலில் எழுப்பிய பெம்பிஸ் செடிகளைத் தேடி வாங்கி, வெயிலில் வைத்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதே மீதமுள்ள வழி. ஜூனிப்பரைவிட அது அதிகம் குடிக்கும்.